31 சென்டிமீட்டரில் நின்றுபோன குதி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தையும் வெட்டியிருக்கிறேன். மத்தபடி பேசினது பேசினபடியே.)

இந்த எபிசோடை ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைச்சா நான் வண்டி ஏறிடுவேன்னு உங்களுக்குத் தெரியும். இந்த முறை வந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. என் இடது முட்டி.

புதுசா கேக்கறவங்களுக்கு: மூணு வருஷத்துக்கு முன்னாடி, இங்க வாலிபால் ஆடும்போது, பிளாக்குக்கு எகிறிட்டுக் கீழ வந்தேன். எகிறினதுல பிரச்சினை இல்ல, இறங்கினதுலதான். இடது கால் மட்டும் முதல்ல தரையைத் தொட்டுச்சு, முட்டி உள்பக்கமா மடங்கிச்சு, 'டப்'புன்னு ஒரு சத்தம். எதிர் டீம்காரனுக்கும் கேட்டிருக்கு. ஏ.சி.எல். அறுந்துபோச்சு. பின்தொடையில இருந்து ஒரு தசைநாணை எடுத்து அந்த லிகமென்ட் இருந்த இடத்துல வெச்சுத் தச்சாங்க. பத்து மாசம் பிசியோதெரபி. கடைசியில ஒரு டெஸ்ட். ஒத்தக் கால்ல நின்னு முன்னாடி எவ்வளவு தூரம் தாவ முடியுதுன்னு பார்ப்பாங்க. வலது கால் 1.50 மீட்டர், இடது கால் 1.44 மீட்டர். 96 சதவீதம். பொதுவா 90-க்கு மேல வந்தா நல்ல அறிகுறின்னு எடுத்துக்குவாங்க. நானும் பாஸ் ஆயிட்டேன்னு ஸ்வீட் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனா கோர்ட்டுக்குத் திரும்பினா ஏதோ ஒண்ணு சரியில்ல. வலி கிடையாது. பந்து வரும், நான் எகிறுவேன், கை வலைக்கு மேல போகும்போது பந்து ஏற்கெனவே போயிருக்கும். சரி, பலம் பத்தலைன்னு நினைச்சேன். ஆறு மாசம் ஜிம். ஸ்குவாட் 50 கிலோவுல ஆரம்பிச்சு 80 கிலோ வரைக்கும் போனேன். ஆறு மாசத்துக்கு முன்னாடி என் குதி 31 சென்டிமீட்டர். ஆறு மாசம் கழிச்சும் 31 சென்டிமீட்டர்.

எப்படி அளந்தேன்னு கேப்பீங்க. இதை நீங்களும் வீட்டுல பண்ணலாம். போன்ல ஸ்லோ மோஷன், நொடிக்கு 240 ஃபிரேம். போனைத் தரை மட்டத்துல சாய்ச்சு வெச்சுட்டுக் குதிக்கணும். பெருவிரல் தரையை விட்ட ஃபிரேமுக்கும் திரும்பத் தொட்ட ஃபிரேமுக்கும் நடுவுல எத்தனை ஃபிரேம்னு எண்ணணும். எனக்கு 120. அதாவது அரை நொடி. பிளஸ் ஒன் இயற்பியல்தான்: அந்த நேரத்தை அதாலேயே பெருக்கி, 9.81-ஆல பெருக்கி, 8-ஆல வகுத்தா உயரம். அரை நொடிக்கு 0.307 மீட்டர் வரும். சாதாரண 30 ஃபிரேம் வீடியோல பண்ணாதீங்க, ஒரு ஃபிரேம் தப்பா எண்ணினாலே 4 சென்டிமீட்டர் ஏமாந்துடுவோம். 240-ல அந்தத் தப்பு அரை சென்டிமீட்டர்தான். அப்புறம், காத்துல இருக்கும்போது காலை மடக்கிக்கிட்டு ஏமாத்தக் கூடாது. மடக்கினா தரையைத் தொடறது தள்ளிப்போகும், ரீல்ஸ்ல வர்ற பாதி குதிகளோட ரகசியம் அதுதான்.

ஒரு ராத்திரி தூக்கம் வராம, ஒத்தக் கால்ல நேரா மேல குதிச்சு அளந்தேன். வலது கால் 92 ஃபிரேம், 18 சென்டிமீட்டர். இடது கால் 78 ஃபிரேம், 13 சென்டிமீட்டர். கணக்குப் போட்டா 72 சதவீதம். முன்னாடி தாவினா 96, மேல தாவினா 72. அதே கால், அதே ஆள். கோட்ல பக் இருக்கு, டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சையா வருதுன்னா எந்த இன்ஜினீயருக்கும் தூக்கம் வராதுல்ல? அங்கேயிருந்து தொடங்கினதுதான் இந்த எபிசோடு.

முதல்ல, குதிக்கறதுன்னா கால்ல என்ன நடக்குது?

மூணு மூட்டு: இடுப்பு, முட்டி, கணுக்கால். இடுப்பை நிமிர்த்தறது பிட்டத் தசையும் பின்தொடைத் தசையும். முட்டியை நிமிர்த்தறது முன்தொடைத் தசை. கணுக்காலை நீட்டி நுனிக்கால்ல ஏத்தறது கெண்டைக்கால் தசை. மூணும் ஒரே நேரத்துல 'ரெடி, ஒன், டூ, த்ரீ'ன்னு வெடிக்கும்னுதான் நான் நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. இடுப்பு முதல்ல, அப்புறம் முட்டி, கடைசியா கணுக்கால். மேல இருந்து கீழ ஒரு அலை மாதிரி. எல்லாம் சேர்ந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்துல.

ஏன் இந்த வரிசை? இதுக்குப் பின்னாடி ஒரு அழகான ஜியாமெட்ரி இருக்கு. முட்டி நல்லா மடங்கியிருக்கும்போது அது கொஞ்சம் நிமிர்ந்தாலே உடம்பு நிறைய மேல போகும். ஆனா கால் கிட்டத்தட்ட நேரா ஆயிட்ட பிறகு, முட்டி எவ்வளவு வேகமா சுத்தினாலும் உடம்பு மேல போறது ரொம்பக் கம்மி. சைக்கிள் பெடல் உச்சிக்கு வந்த இடத்தை நினைச்சுப் பாருங்க. பெடல் சுத்திக்கிட்டுதான் இருக்கும், ஆனா அந்தப் புள்ளியில அது மேலயும் போகாது, கீழயும் போகாது. முட்டிக்கும் அதே நிலைமை. அது மட்டும் இல்ல, அந்த வேகத்துல முழுசா நிமிர்ந்து பின்பக்கம் போனா மூட்டு உடையும். அதனால கடைசிக் கட்டத்துல முட்டிக்கு யாராவது பிரேக் போட்டே ஆகணும்.

பிரேக் போட்டா சக்தி வீண்தானே? சாதாரண மெஷின்னா வீண்தான், பிரேக் ஷூ சூடாகும். கால்ல அங்கதான் ஒரு வேலை நடக்குது. கெண்டைக்கால்ல வெளிய புடைச்சுத் தெரியுற தசை இருக்குல்ல, கேஸ்ட்ராக்னீமியஸ்னு பேரு, அது முட்டிக்குக் கீழ ஆரம்பிக்கலை. முட்டியைத் தாண்டி மேல, தொடை எலும்போட கீழ்நுனியில ஆரம்பிச்சு, குதிகால் எலும்புல போய் முடியுது. ரெண்டு மூட்டைத் தாண்டற தசை. முட்டி நிமிரும்போது இந்தத் தசையோட மேல்நுனி இழுபடும். தசை இறுக்கமா இருந்தா, அந்த இழுப்பு அப்படியே குதிகாலுக்குப் போய் அதைத் தூக்கும். முட்டிக்கு பிரேக் போட்ட மாதிரியும் ஆச்சு, அந்தச் சக்தி கணுக்காலுக்கு டெலிவரி ஆன மாதிரியும் ஆச்சு.

எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா, சித்திரைத் தேர் வடம். வடத்துக்குன்னு சொந்த பலம் எதுவும் கிடையாது. முன்னாடி இழுக்கற ஆயிரம் பேரோட பலத்தைப் பின்னாடி இருக்கற சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குது. வடம் தொளதொளன்னு இருந்தா எத்தனை பேர் இழுத்தும் பிரயோஜனம் இல்ல. கெண்டைக்கால் தசைக்குச் சொந்த பலமும் இருக்கு, அதை மறுக்கலை. ஆனா குதிக்கும்போது கணுக்கால்ல வெளிப்படற பவர்ல ஒரு பங்கு மேல இருக்கற பெரிய தசைங்க அனுப்பி வெச்சது.

இதை அக்கறையா தோண்டினவங்க ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகத்துல கெரிட் யான் வான் இங்கென் ஸ்கெனாவ், மார்டன் பாபர்ட்டுன்னு ரெண்டு பேரு. 1980-கள்ல. சும்மா தியரி பேசாம, ஒரு குட்டி பொம்மைக் காலே செஞ்சாங்க. முட்டிக்கு ஒரு ஸ்பிரிங், கெண்டைக்கால் தசைக்குப் பதிலா ஒரு கம்பி. கம்பி தானா சுருங்காது, வெறும் இணைப்பு. ஆனா அது இருக்கறதால பொம்மையோட கணுக்கால் நீண்டு குதிக்குது. வடத்தோட வேலை அவ்வளவுதான்.

இதுல ஒரு சைடு கதை, சொல்லாம விட மனசு வரல. இதே வான் இங்கென் ஸ்கெனாவ் ஐஸ் ஸ்கேட்டிங்கையும் பார்த்தாரு. பழைய ஸ்கேட்ல குதிகால் பிளேடோட இறுகியிருக்கும். கடைசி உந்தலுக்குக் கணுக்காலை நீட்டினா பிளேடு நுனி ஐஸ்ல குத்தும். அதனால வீரர்கள் கணுக்காலைப் பயன்படுத்தாமலே பழகிட்டாங்க. அதாவது வடத்தோட கடைசி முனையை யாரும் கட்டவே இல்ல. அவங்க குழு, குதிகால் பக்கம் பிளேடுல இருந்து தனியா எழும்பற மாதிரி கீல் வெச்ச ஒரு ஸ்கேட்டை உருவாக்குச்சு. காலைத் தூக்கும்போது 'க்ளாப்'புன்னு மூடுமாம், அதனால பேரே க்ளாப் ஸ்கேட். வருஷக்கணக்கா யாரும் சீண்டலை. 1996-97 சீசன்ல டச்சுப் பெண்கள் அணி எடுத்து மாட்டிக்கிட்டாங்க. 1998 நாகானோ ஒலிம்பிக் வந்தப்போ பழைய சாதனைகள் வரிசையா விழுந்துச்சு.

சரி, நம்ம காலுக்கு வருவோம். ரெண்டு மூட்டைத் தாண்டற தசை அது ஒண்ணு மட்டும் இல்ல. முன்தொடை நடுவுல ஓடற ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பையும் முட்டியையும் தாண்டுது. பின்தொடைத் தசைகள்ல பெரும்பாலானதும் அப்படித்தான். இங்க ஒரு சிக்கல். பின்தொடை சுருங்கினா இடுப்பு நிமிரும், ஆனா முட்டி மடங்கும். ரெக்டஸ் சுருங்கினா முட்டி நிமிரும், ஆனா இடுப்பு மடங்கும். ரெண்டும் சேர்ந்து இழுத்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கணுமே? ஆனா நாற்காலியில இருந்து எழுந்திருக்கும்போது ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யுது. லொம்பார்டுன்னு ஒருத்தர் 1903-லேயே இதை எழுதிட்டாரு, இன்னிக்கும் லொம்பார்ட் பாரடாக்ஸ்னுதான் சொல்றாங்க. விடை நெம்புகோல் நீளத்துல இருக்கு. இடுப்புல பின்தொடைக்கு நெம்புகோல் நீளம் அதிகம், முட்டியில ரெக்டஸுக்கு அதிகம். அதனால இடுப்புல அது ஜெயிக்குது, முட்டியில இது ஜெயிக்குது. கூட்டிக் கழிச்சா ரெண்டு மூட்டும் நிமிருது.

இதைப் படிச்சுட்டு அம்மாவை நாற்காலியில உட்காரவெச்சு, கையை ஊனாம எழுந்திருக்கச் சொன்னேன். தொடை முன்பக்கமும் பின்பக்கமும் கை வெச்சுப் பார்த்தா ரெண்டும் கல்லு மாதிரி இறுகுது. நாலாவது தடவை சொன்னதும், "டேய், நான் என்ன உனக்கு லேப் எலியா? அடுப்புல சாம்பார் இருக்கு"ன்னு எழுந்து போயிட்டாங்க. கையை ஊனாமதான் எழுந்து போனாங்க, அதையும் குறிச்சுக்கிட்டேன்.

இப்ப என் ஜிம் கதைக்கு வர்றேன். 80 கிலோ ஸ்குவாட் ஏன் ஒரு சென்டிமீட்டர் கூடத் தரலை?

பாபர்ட்டும் வான் சூஸ்டும் 1994-ல ஒரு சிமுலேஷன் பண்ணாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு மனுஷ உருவம், கால் தசைகளோட. எந்தத் தசை எந்த மில்லிசெகண்ட்ல ஆன் ஆகணும்னு தேடித் தேடி, அதிக உயரம் குதிக்கற டைமிங்கைக் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் தசைகளோட பலத்தை ஏத்தினாங்க, டைமிங்கை மட்டும் பழைய மாதிரியே விட்டாங்க. உயரம் ஏறலை. குறைஞ்சுபோச்சு! புது பலத்துக்கு ஏத்த மாதிரி டைமிங்கைத் திரும்பத் தேடவிட்ட பிறகுதான் உயரம் ஏறுச்சு.

இதைப் படிச்சப்போ நான் சிரிச்சுட்டேன். புரொடக்ஷன்ல சர்வரை அப்கிரேட் பண்ணிட்டு, டைம் அவுட் எல்லாத்தையும் பழைய மெஷினுக்கு ஏத்த மாதிரி விட்டா என்ன ஆகும்? ஒரு சர்வீஸ் சீக்கிரம் முடிச்சுட்டு நிக்கும், அடுத்தது இன்னும் தூங்கிட்டு இருக்கும். முன்தொடை பலமாயிடுச்சு, முட்டி சீக்கிரம் நிமிர்ந்துடுது, கணுக்கால் முடிக்கறதுக்குள்ள கால் தரையை விட்டுடுது. ஆறு மாசம் நான் ஹார்ட்வேர் மட்டும் வாங்கியிருக்கேன். ஜிம்ல ஒரு நாள் கூட நான் குதிக்கலை, பயத்துல. பலத்தை ஏத்தும்போதே குதிச்சும் பழகுங்கன்னு அந்தப் பேப்பரே சொல்லுது.

குதிக்கறதுக்கு முன்னாடி நாம ஒரு தடவை கீழ அமிழ்றோம்ல, அதுவும் டைமிங் சமாச்சாரம்தான். அமிழ்ந்து நிறுத்தி, ரெண்டு நொடி காத்திருந்து குதிச்சுப் பாருங்க, சில சென்டிமீட்டர் குறையும். ஸ்பிரிங் மாதிரி தசைநாண்ல சக்தி சேருதுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. அது கொஞ்சம் உண்மை. ஆனா பாபர்ட் குழு 1996-ல வேற காரணத்தை முன்னாடி வெச்சுது. தசை முழு விசைக்கு வர நேரம் எடுக்கும். அமிழ்ந்து நிக்கிற அந்தத் திருப்பத்துலேயே தசை விசையை ஏத்தி வெச்சுக்குது, அதனால மேல கிளம்பற முதல் அங்குலத்துல இருந்தே முழு இழுப்பு கிடைக்குது. இன்ஜினைச் சூடேத்தி வெச்சு கிளட்சை விடற மாதிரி. ஸ்ரீரங்கத்துல உறியடி பார்த்தவங்களுக்குத் தெரியும், கயிறு இழுக்கறவர் உறியை எப்ப ஏத்துவார்? அடிக்கறவன் அமிழ்ந்து முடிச்ச அந்த நொடியில. அதுக்கப்புறம் அவனால திட்டத்தை மாத்த முடியாது. பேப்பர் படிக்காமலே பயோமெக்கானிக்ஸ் தெரிஞ்ச ஆளு அவரு.

ஆனா இதெல்லாம் 31-ஐத்தான் விளக்குது. 96-க்கும் 72-க்கும் நடுவுல இருக்கற ஓட்டை?

வீடியோவையும் நம்பரையும் என் பிசியோ அக்காவுக்கு வாட்ஸ்அப் பண்ணேன். அவங்க போன் பண்ணி, "தம்பி, தூரம் தாவும்போது முட்டி எவ்வளவு வேலை செய்யுதுன்னு நினைக்கற?"ன்னு கேட்டாங்க. மூணு மூட்டு இருக்கு, மூணுல ஒரு பங்குன்னு சொன்னேன். 2021-ல வந்த ஒரு ஆய்வை அனுப்பினாங்க. ஒத்தக் கால்ல முன்னாடி தாவும்போது, உந்தற வேலையில முட்டியோட பங்கு சுமார் 13 சதவீதம்தான். மீதி இடுப்பும் கணுக்காலும். நேரா மேல குதிக்கும்போதுதான் மூணும் கிட்டத்தட்ட சமமா பங்கு போட்டுக்குது.

லோட் பேலன்சர், மக்களே! ஒரு நோட் பாதி செத்துக் கிடக்கு, டிராஃபிக்கை மத்த ரெண்டுக்கும் திருப்பிவிட்டாச்சு, டேஷ்போர்டுல எல்லாம் பச்சை. ஏ.சி.எல். அடிபட்ட பிறகு மூளையே முன்தொடைக்குப் போற சிக்னலை அடக்கி வைக்கும். மூட்டைப் பாதுகாக்கறதா அதுக்கு நினைப்பு. மாசக்கணக்கா அப்படியே பழகிடும். என் ஸ்குவாட் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தா, 80 கிலோவுல இடுப்பு லேசா வலது பக்கம் நகருது. அந்தப் 80-ல இடது கால் எவ்வளவு தூக்குச்சோ, யாருக்குத் தெரியும்! டேப் வெச்சு அளந்தா இடது தொடை 2 சென்டிமீட்டர் ஒல்லி. எகிறும்போது ஏமாத்தலாம், இறங்கும்போது அந்த முட்டி தன் பங்கைத் தூக்கியே ஆகணும். என் லிகமென்ட் அறுந்தது இறங்கும்போதுதான்னு முதல்லயே சொன்னேனே. அக்கா சிரிக்காம சொன்னாங்க: "மேட்ச் எல்லாம் நிறுத்து. இப்பவே."

கால் தசைங்க ஒண்ணுக்கொண்ணு விட்டுக்கொடுக்கறது எப்பவும் கோளாறுன்னு அர்த்தம் இல்ல. சேலம் பக்கத்து மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கோங்க. அஞ்சு வயசுல பஸ் ஏறி வலது கால் சிதைஞ்சது. 2016 ரியோ பாராலிம்பிக்ல உயரம் தாண்டுதல் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவுல 1.86, வெள்ளி. 2024 பாரிஸ்ல 1.85, வெண்கலம். எட்டு வருஷத்துல நாலு சென்டிமீட்டருக்குள்ள நிக்குது பாருங்க. எல்லாரும் அவரை வெச்சு மோட்டிவேஷன் பேசறாங்க, எனக்கு அந்த நம்பர்களோட ஒழுங்குதான் பெருசா தெரியுது. ரெண்டு கால் சமமா இருக்கணும்கற நிபந்தனையே இல்லாம, கிடைச்ச தசைகளுக்கு ஏத்த டைமிங்கை அந்த உடம்பு முழுசா தேடி எடுத்திருக்கு.

டெல்டாக்காரர் பிரவீன் சித்ரவேல் வேற ரகம். 2023 மே மாசம் ஹவானாவுல மும்முறைத் தாண்டுதல்ல 17.37 மீட்டர், தேசிய சாதனை. அதே வருஷம் மார்ச்சுல ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதல்ல 8.42. நீளம் தாண்டறவர் பலகையில கால் வைக்கிற நேரம் நொடியில எட்டுல ஒரு பங்கு மாதிரி. நான் சொன்ன இடுப்பு, முட்டி, கணுக்கால் அலைக்கு அங்க நேரமே கிடையாது. கால் விறைப்பா நின்னு, ஓடி வந்த வேகத்தை மேல் பக்கம் திருப்புது. மும்முறைத் தாண்டுதல்ல நடுக்கால் தரையில அறையும்போது உடல் எடையைப் போல 15 மடங்கு வரை விசை வரலாம். அதே ஒத்தக் கால்ல! என் முட்டிக்கு அந்த நம்பரைச் சொல்லலை, பயந்துடும்.

இப்ப என் நிலைமை. நாலு மாசமா இடது காலுக்குத் தனியா வேலை. ஒத்தக் கால் ஸ்குவாட், லெக் எக்ஸ்டென்ஷன், தாழ்வான படியில இருந்து இறங்கிச் சத்தமில்லாம நிக்கிறது. வாரம் ரெண்டு நாள் குதிக்கறேன். கொள்ளிடம் மணல்ல குதிச்சா பூப்போல இருக்கும்னு ஆசையா போனேன், மணல் பாதி சக்தியைத் தின்னுடுச்சு, கால் புதையறதுதான் மிச்சம். பயத்தைப் போக்க நல்ல இடம், அளக்க ஆகாத இடம். அளக்கறது இந்த மாடியிலதான்.

நேத்து சாயங்காலம் அளந்தது: இடது கால் 87 ஃபிரேம், 16 சென்டிமீட்டர். சந்தோஷப்படலாம்னு பார்த்தா வலது காலும் 19-க்குப் போயிருக்கு. 84 சதவீதம். ரெண்டு காலும் சேர்த்து 34. மூணு வருஷம் கழிச்சு 31 அசைஞ்சிருக்கு.

பொங்கலுக்கு எங்க தெரு டீம் மேட்ச் ஆடுது. ஒரு ஆள் குறையுதாம், காலையில இருந்து மூணு போன். "டேய், பின்னாடி நின்னு லிஃப்ட் மட்டும் பண்ணு, எகிற வேணாம்"னு கெஞ்சறானுங்க. கோர்ட்டுக்குள்ள இறங்கினா நான் எகிறுவேன்னு எனக்கும் தெரியும், அவனுங்களுக்கும் தெரியும். ஸ்கோர் எழுத வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

உங்க நம்பரை அனுப்புங்க. ரெண்டு கால், வலது கால், இடது கால்னு மூணும் வேணும், எத்தனை ஃபிரேம்னு சேர்த்து. ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகாதவங்க, முட்டி வீங்கியிருக்கறவங்க இந்த விளையாட்டுக்கு வராதீங்க, உங்க பிசியோகிட்ட கேளுங்க. மொட்டை மாடியில குதிக்கறவங்க கைப்பிடிச் சுவர் ஓரமா நிக்காதீங்க. கீழ் வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, எங்க கீழ் வீட்டு மாமா ரெண்டு தடவை மேல வந்துட்டாரு. மூணாவது தடவை படியேறி வர்ற சத்தம் கேக்குது. வெச்சுடறேன்.